அமெரிக்காவில் கவுன்சலிங், அப்ளைடு சைக்காலஜி மேற்படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கவுன்சலிங் அல்லது அப்ளைடு சைக்காலஜி முதுகலைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. அங்கேயே குடியிருப்பவர்கள், மாணவர் விசாவில் போக நினைப்பவர்கள் என இரு தரப்பையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மாணவர் விசாவில் போகிறவர்கள் விசா பற்றிய கேள்வியை முதலில் படித்துவிட்டு மற்றவற்றுக்கு வருவது நல்லது.

பட்டியல் போட எங்கிருந்து தொடங்குவது? ரேங்கிங் பார்க்கலாமா?

ரேங்கிங்கை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். இந்தத் துறையில் பட்டம் வாங்கியதும் வேலை முடிந்துவிடாது. அதன்பின் ஏதாவது ஒரு மாநிலத்தின் லைசென்ஸ் கிடைத்தால்தான் மேற்பார்வை இல்லாமல் சொந்தமாகச் சிகிச்சை தர முடியும். லைசென்ஸ் விதிகளை வகுப்பது மத்திய அரசு இல்லை; ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி வகுக்கிறது. லைசென்ஸின் பெயர்கூட மாறும்: டெக்சஸில் எல்பிசி, நியூயார்க்கில் எல்எம்எச்சி, கலிஃபோர்னியாவில் எல்பிசிசி, இல்லினாயில் எல்சிபிசி.

அதனால் கடைசியிலிருந்து முன்னால் வாருங்கள். எந்த வேலை, எந்த மாநிலம், அதற்கு எந்த லைசென்ஸ் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு அந்த லைசென்ஸ் வாரியத்தின் தளத்தில் எத்தனை கிரெடிட், எந்தெந்தப் பாடங்கள், எத்தனை மணி நேரக் களப்பயிற்சி என்று பாருங்கள். அதற்குப் பொருந்துகிற கல்லூரிகளை அப்புறம் தேடலாம். எந்த மாநிலம் என்று இப்போதே உறுதியாகத் தெரியாது என்பவர்கள் இரண்டு மூன்று மாநிலங்களை எடுத்து, அவற்றில் கெடுபிடி அதிகமான மாநிலத்தின் விதியை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. லைசென்ஸுக்கு வழிவகுக்கும் படிப்புகளை நடத்தும் பல்கலைக்கழகங்கள், தங்கள் பட்டம் எந்தெந்த மாநிலங்களின் கல்வித் தகுதிக்குப் போதுமானது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இது மத்தியக் கல்வித் துறையின் விதி. கல்லூரித் தளத்தில் 'புரொஃபெஷனல் லைசென்ஷர் டிஸ்க்ளோஷர்' என்று தேடினால் பெரும்பாலும் ஒரு நீளமான அட்டவணை கிடைக்கும். அழகான படங்கள் இருக்கும் முகப்புப் பக்கத்தைவிட அந்த அட்டவணைதான் உங்களுக்கு முக்கியம்.

கவுன்சலிங், கவுன்சலிங் சைக்காலஜி, அப்ளைடு சைக்காலஜி எல்லாம் ஒன்றுதானா?

வகுப்பறைக்குள் நிறையவே ஒன்றுபோல இருக்கும். வெளியே வந்தபின் போகும் பாதைகள்தான் வேறு.

'கிளினிக்கல் மென்டல் ஹெல்த் கவுன்சலிங்' என்று பெயர் இருந்தால், அது நேராகக் கவுன்சலர் லைசென்ஸை நோக்கி வடிவமைத்த படிப்பு. பெரும்பாலும் கல்வியியல் துறைக்குள் இருக்கும். 'ஸ்கூல் கவுன்சலிங்' படித்தால் பள்ளியில் வேலை. சான்றிதழ் தருவது அந்தந்த மாநிலக் கல்வித் துறை. ஸ்கூல் சைக்காலஜி வேறு படிப்பு. அதில் மாணவர்களைச் சோதித்து மதிப்பிடும் வேலை அதிகம். பெரும்பாலும் 60 கிரெடிட்டுக்கு மேற்பட்ட ஸ்பெஷலிஸ்ட் பட்டம், கூடவே 1,200 மணி நேர இன்டர்ன்ஷிப். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பித்துவிட்டு நேர்காணலில் விழிப்பவர்கள் உண்டு.

'கவுன்சலிங் சைக்காலஜி' முதுகலை சில இடங்களில் லைசென்ஸ் வரை கொண்டுபோகும், சில இடங்களில் போகாது. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான். 'சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ள ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் முனைவர் பட்டம் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

'அப்ளைடு சைக்காலஜி' என்பது ஒரு பெரிய குடை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டைன்ஹார்ட் கல்லூரியில் அந்தப் பெயரில் ஒரு துறையே இருக்கிறது. கவுன்சலிங் படிப்புகள் அதற்குள் வருகின்றன. வேறு இடங்களில் அதே பெயர் நிறுவன உளவியலையோ, ஆய்வு முறைகளையோ, நடத்தைப் பகுப்பாய்வையோ குறிக்கலாம். முப்பது முப்பத்தாறு கிரெடிட்டில் முடிகிற அப்ளைடு சைக்காலஜி பட்டத்தைக் கண்டால், 'இதை முடித்தால் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கத் தகுதி வருமா?' என்று மின்னஞ்சலில் ஒரே வரியில் கேளுங்கள். வராது என்றால் அது மோசமான படிப்பு என்று பொருளில்லை. ஆய்வு உதவியாளர் வேலைக்கோ, மனிதவளத் துறைக்கோ, பிஎச்.டி.க்கு முன் ஒரு படியாகவோ நன்றாகவே பயன்படும். சிகிச்சை அளிக்கும் வேலைக்கு மட்டும் உதவாது.

எம்.ஏ., எம்.எஸ்., எம்.எட். என்ற வேறுபாட்டைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. எந்தத் துறை நடத்துகிறது என்பதைப் பொறுத்து பெயர் மாறுகிறது, அவ்வளவுதான்.

காக்ரெப் அங்கீகாரம் கட்டாயமா?

காக்ரெப் என்பது கவுன்சலிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, 1981இல் தொடங்கியது. எல்லா மாநிலங்களிலும் கட்டாயம் இல்லை. ஒஹையோ 2018 முதல் கேட்கிறது; கலிஃபோர்னியா கேட்பதில்லை, ஆனால் தனக்கென்று ஒரு பாடப் பட்டியல் வைத்திருக்கிறது. வேறு மாநிலத்தில் காக்ரெப் படிப்பை முடித்துவிட்டு கலிஃபோர்னியா போகிறவர்கள் விட்டுப்போன பாடங்களைத் தனியாகப் படிக்க நேர்வது இதனால்தான்.

அங்கீகாரம் இருந்தால் படிப்பில் என்ன இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும். மொத்தம் 60 செமஸ்டர் கிரெடிட். 100 மணி நேரப் பிராக்டிகம் (மேற்பார்வையில் செய்யும் தொடக்கக் களப்பயிற்சி), அதில் 40 மணி நேரமாவது நேரடியாக ஆட்களுடன். அதன்பின் 600 மணி நேர இன்டர்ன்ஷிப், அதில் 240 மணி நேரம் நேரடிப் பணி. மாநிலம் விட்டு மாநிலம் மாறும்போது கோப்பைப் புரட்டுகிற அதிகாரிக்கு இந்தக் கணக்கு பழக்கப்பட்டது, கேள்வி குறையும்.

எனக்குப் பிடித்த அம்சம் வேறு. காக்ரெப் படிப்புகள் ஆண்டுதோறும் சில எண்களைத் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும்: எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், லைசென்ஸ் தேர்வில் எத்தனை சதவீதம் தேர்ச்சி, எத்தனை பேருக்கு வேலை. தளத்தின் ஏதோ ஒரு மூலையில் பிடிஎஃப் ஆக இருக்கும். தேடி எடுத்து மூன்று ஆண்டு எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். தேர்ச்சி விகிதம் உயர்ந்தும், முடித்தவர்கள் விகிதம் குறைந்தும் இருந்தால், பாதியில் விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்று விசாரிக்க வேண்டிய இடம் அது.

எம்பிசேக் என்ற இன்னொரு அமைப்பு உளவியல் துறைக்குள் இருக்கும் கவுன்சலிங் முதுகலைகளுக்கு அங்கீகாரம் தருகிறது. பல மாநிலங்களில் அது போதும், சில மாநிலங்களில் போதாது. குடும்பச் சிகிச்சைப் படிப்புகளுக்குக் கோஆம்டே என்ற தனி அமைப்பு. ஏபிஏ, அதாவது அமெரிக்க உளவியல் சங்கம், நெடுங்காலமாக முனைவர் படிப்புகளுக்கே அங்கீகாரம் தந்து வந்தது. அண்மையில்தான் முதுகலைக்கும் கதவைத் திறந்திருக்கிறது. ஆகவே ஒரு முதுகலைக்கு ஏபிஏ அங்கீகாரம் இல்லையே என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

முதுகலையா, நேரடியாக பிஎச்.டி.யா? சை.டி. என்றால் என்ன?

சிகிச்சை அளிப்பதுதான் ஆசை என்றால் முதுகலையே போதும். முனைவர் பட்டம் தேவைப்படுவது உளவியல் சோதனைகளை முழுமையாகச் செய்ய, ஆய்வு செய்ய, பல்கலைக்கழகத்தில் நிரந்தரமாகப் பாடம் நடத்த.

கவுன்சலிங் சைக்காலஜி பிஎச்.டி. பொதுவாக ஐந்தாறு ஆண்டுகள். கடைசி ஆண்டு முழுநேர இன்டர்ன்ஷிப். நல்ல இடங்களில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, உதவித்தொகையும் தருவார்கள். அதனால்தான் போட்டி கடுமை. இளங்கலை முடித்தவுடனேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆய்வு அனுபவம் இல்லாமல் போனால் வாய்ப்பு மிகக் குறைவு. சை.டி. பயிற்சிக்கு முக்கியத்துவம் தரும் முனைவர் பட்டம்; 1973இல் கொலராடோ மாநிலத்தின் வேல் நகரில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு பரவியது. பெரும்பாலும் சொந்தக் காசில் படிக்க வேண்டியிருக்கும், கடனும் பெரிதாகும். ஏபிஏ அங்கீகாரம் பெற்ற எல்லா முனைவர் படிப்புகளும் செலவு, படிப்பை முடிக்க ஆகும் காலம், இன்டர்ன்ஷிப் கிடைத்தவர் விகிதம் ஆகியவற்றை வெளியிட்டாக வேண்டும். அதைப் பார்க்காமல் சை.டி.க்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

எதிர்காலத்தில் கவுன்சலிங் துறையிலேயே பேராசிரியராகும் எண்ணம் இருந்தால் 'கவுன்சலர் எஜுகேஷன்' பிஎச்.டி. என்ற பாதை இருக்கிறது. அதற்குக் காக்ரெப் முதுகலை இருப்பது பெரிய அனுகூலம்.

நான் படித்தது இன்ஜினியரிங் (அல்லது வணிகவியல், இலக்கியம்). இடம் கிடைக்குமா?

கவுன்சலிங் முதுகலையில் கிடைக்கும். வேறு துறையிலிருந்து வருபவர்கள் அங்கே சர்வசாதாரணம். பல இடங்களில் அறிமுக உளவியல், புள்ளியியல், வளர்ச்சி உளவியல், மனநோய்கள் ஆகிய பாடங்களில் சிலவற்றை முன்தேவையாகக் கேட்பார்கள். சேர்வதற்கு முன் முடித்தால் போதும் என்றும் சொல்வார்கள். உளவியல் துறை நடத்தும் படிப்புகளிலும் பிஎச்.டி.யிலும் இந்தச் சலுகை குறைவு.

மூன்றாண்டு இளங்கலைப் பட்டம் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தடை. சில பல்கலைக்கழகங்கள் அதை அமெரிக்க நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமாக ஏற்கும், சில ஏற்காது. டபிள்யூஇஎஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்பவர்களும் உண்டு. அந்த அறிக்கை சாதகமாக வந்தாலும் முடிவு பல்கலைக்கழகத்தினுடையதுதான். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே பட்டச் சான்றிதழின் விவரத்தோடு கேட்டுவிடுங்கள்.

ஜிஆர்இ எழுத வேண்டுமா?

ஜிஆர்இ என்பது மேற்படிப்புக்கான பொது நுழைவுத் தேர்வு. பெரும்பாலான கவுன்சலிங் முதுகலைகளுக்கு இப்போது வேண்டாம். பிஎச்.டி.யிலும் பல இடங்கள் கைவிட்டுவிட்டன. இளங்கலை மதிப்பெண் சற்றுக் குறைவாக இருப்பவர்களுக்கு, விருப்பப்பட்டால் அனுப்பலாம் என்கிற இடங்களில் நல்ல ஜிஆர்இ மதிப்பெண் கொஞ்சம் கைகொடுக்கும். 2023 செப்டம்பர் முதல் தேர்வு இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது; மதிப்பெண் ஐந்து ஆண்டுகள் செல்லும். டோஃபல், ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்கள் இரண்டே ஆண்டுகள்தான் செல்லும் என்பதால் அவற்றைச் சீக்கிரமாக எழுதிவைத்துவிட்டு ஏமாறாதீர்கள்.

எஸ்ஓபியில் (ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் கட்டுரையில்) என்ன எழுதுவது?

தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் ஒரே வாரத்தில் நூறு எஸ்ஓபி படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி இப்படித்தான் தொடங்கும்:

'சிறு வயதிலிருந்தே மற்றவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது எனக்குப் பிடிக்கும். நண்பர்கள் எல்லோரும் என்னிடம்தான் தங்கள் பிரச்சினைகளைச் சொல்வார்கள்.'

பொய்யில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு குழு உங்களைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அதே மாணவி இப்படி எழுதினால்:

'உதவி எண்ணில் தன்னார்வலராக இருந்தபோது அழைத்தவர் பேச்சை நிறுத்திவிட்டால் எனக்குப் பதற்றமாகிவிடும். உடனே ஏதாவது யோசனை சொல்லி அந்த இடைவெளியை நிரப்பிவிடுவேன். மேற்பார்வையாளர் பதிவைப் போட்டுக் காட்டி, அழைத்தவர் அதன்பின் ஒற்றைச் சொற்களில் பதில் சொல்ல ஆரம்பித்ததைச் சுட்டினார். அடுத்த அழைப்புகளில் காத்திருக்கப் பழகினேன்.'

இதில் களப்பணி இருக்கிறது, திருத்தத்தை ஏற்கும் மனம் இருக்கிறது, கற்றது என்ன என்பதும் இருக்கிறது. கவுன்சலிங் பயிற்சியின் பெரும்பகுதி, நீங்கள் பேசியதன் பதிவை இன்னொருவர் கேட்டுக் குறை சொல்ல, அதை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வதுதான். அதற்கு இவர் தயாரா என்றுதான் குழு பார்க்கிறது.

கடைசிப் பத்தியில் அந்தக் குறிப்பிட்ட படிப்பைப் பற்றி எழுத வேண்டும். 'உலகப் புகழ்பெற்ற உங்கள் பல்கலைக்கழகம்' என்ற வரியை அடித்துவிடுங்கள். அவர்களுடைய பயிற்சி மையம் எந்த மக்களுக்குப் பணி செய்கிறது, எந்தச் சிறப்புப் பிரிவு உங்களுக்குப் பொருந்துகிறது என்று இரண்டு வரி போதும். பிஎச்.டி. என்றால் எந்தப் பேராசிரியரோடு ஆய்வு செய்ய விரும்புகிறீர்கள் என்பதே மையம். அவர் அந்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

என் சொந்த மன அழுத்த அனுபவத்தை எழுதலாமா?

நான் தயங்குவேன். உளவியல் மேற்படிப்புத் தேர்வுக் குழுத் தலைவர்களிடம் கருத்துக் கேட்டு 2006இல் வெளியான ஓர் ஆய்வில், விண்ணப்பத்தைக் கெடுப்பவை என்று அவர்கள் சொன்னவற்றில் ஒன்று, தனிப்பட்ட மனநலப் பிரச்சினைகளை அளவுக்கு மீறி விவரிப்பது. 'எல்லோருக்கும் உதவ வேண்டும்' என்று உருகி எழுதுவதும் அந்தப் பட்டியலில் இருந்தது. மனநோய் பற்றிய களங்கத்தை எதிர்க்க வேண்டிய துறையே இப்படி நினைப்பது நியாயமா என்று கேட்டால், முழு நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நிலைமை அதுதான். எழுதியே தீர வேண்டும் என்றால் ஓரிரு வரியில் முடித்து, அது உங்களை எந்த வேலைக்கு, எந்த வாசிப்புக்குக் கொண்டுபோனது என்பதற்கு நகர்ந்துவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது?

பெரும்பாலும் மூன்று கேட்பார்கள். ஒருவராவது உங்களுக்குப் பாடம் எடுத்தவராகவும், ஒருவராவது உங்கள் களப்பணியையோ வேலையையோ நேரில் பார்த்தவராகவும் இருக்கட்டும். துறைத் தலைவர், முதல்வர் என்று பதவியைப் பார்த்து ஓடாதீர்கள். உங்கள் பெயரை மட்டும் தெரிந்த முதல்வர் எழுதும் கடிதம் வருகைச் சான்றிதழ் மாதிரி இருக்கும். குடும்ப நண்பர், உங்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் இருவரும் வேண்டவே வேண்டாம். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் வரும். விட்டுக்கொடுத்தால்தான் கடிதத்துக்கு மதிப்பு. ஆசிரியருக்கு ஒன்றரை மாதமாவது அவகாசம் கொடுங்கள்.

நேர்காணலில் என்ன நடக்கும்?

கவுன்சலிங் முதுகலைகளில் குழு நேர்காணல் சகஜம். ஆறேழு பேரை ஒன்றாக உட்காரவைத்தோ ஸூமில் சேர்த்தோ, ஒரு சிறு சம்பவத்தைக் கொடுத்துப் பேசச் சொல்வார்கள். சரியான விடை என்று ஒன்று இருக்காது. பக்கத்தில் இருப்பவர் சொன்னதை நீங்கள் கேட்டீர்களா, மறுக்கும்போது எப்படி மறுத்தீர்கள், இன்னும் பேசாத ஒருவருக்கு வழிவிட்டீர்களா என்று ஓரத்தில் இருக்கும் பேராசிரியர் குறித்துக்கொண்டிருப்பார். முந்திக்கொண்டு பேசுவதால் தனியாகப் பலன் ஒன்றும் இல்லை.

தனி நேர்காணலில் அடிக்கடி வரும் ஒரு கேள்வி: உங்களுடைய நம்பிக்கைகளுக்கு நேர் எதிரான வாழ்க்கை வாழ்பவர் உங்களிடம் வந்தால் என்ன செய்வீர்கள்? 'எனக்கு எந்தத் தப்பெண்ணமும் இல்லை' என்ற பதில் இங்கே எடுபடாது. எந்த வகை மனிதரோடு உங்களுக்குச் சங்கடம் வரக்கூடும் என்று நேர்மையாகச் சொல்லி, அப்போது மேற்பார்வையாளரிடம் போவேன் என்று சொல்பவர்தான் தேறுவார்.

ஆன்லைனில் படிக்கலாமா?

அமெரிக்காவில் குடியிருப்பவர்கள் தாராளமாகப் படிக்கலாம். காக்ரெப் அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் படிப்புகள் நிறைய இருக்கின்றன. ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: பிராக்டிகம், இன்டர்ன்ஷிப் இடத்தை யார் பிடிப்பது? 'மாணவரே தேடிக்கொள்ள வேண்டும்' என்றால், தெரியாத கிளினிக்குகளுக்கெல்லாம் நீங்களே தொலைபேசியில் அழைத்துக் கெஞ்ச வேண்டியிருக்கும். இடம் கிடைக்காமல் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான். எஃப்-1 என்னும் மாணவர் விசாவுக்கு முழு ஆன்லைன் படிப்பு ஒத்துவராது.

மாணவர் விசாவில் போனால், படித்து முடித்தபின் லைசென்ஸ் வாங்கிவிட முடியுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நியூயார்க், டெக்சஸ், கலிஃபோர்னியா மூன்றும் பட்டத்துக்குப் பிறகு 3,000 மணி நேர மேற்பார்வைப் பணியைக் கேட்கின்றன. வாரம் 40 மணி என்று விடுப்பே இல்லாமல் வேலை பார்த்தாலும் ஓர் ஆண்டில் ஏறக்குறைய 2,000 மணிதான் வரும். டெக்சஸில் குறைந்தது 18 மாதம், கலிஃபோர்னியாவில் குறைந்தது 104 வாரம் ஆக வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனால் பட்டத்துக்குப் பின் வேலை பார்க்க எஃப்-1 மாணவருக்குக் கிடைக்கும் ஓபிடி என்ற அனுமதி 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்புகளுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் கவுன்சலிங்குக்குப் பொதுவாகக் கிடையாது. (நிறுவன உளவியல் 2022இல் ஸ்டெம் பட்டியலில் சேர்ந்தது. சிகிச்சைப் பணிக்கு அது உதவாது என்றாலும், அப்ளைடு பக்கம் போகிறவர்கள் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் வரும் சிஐபி என்ற பாடத்துறைக் குறியீட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.)

ஆக, ஓபிடியை மட்டும் நம்பினால் லைசென்ஸுக்கான மணிக்கணக்கு பாதி வழியில் நின்றுவிடும். மிச்சத்துக்கு வேலை தரும் நிறுவனம் எச்-1பி என்ற வேலை விசா எடுத்துத் தர வேண்டும். பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த லாபநோக்கற்ற நிறுவனங்களும் எச்-1பி குலுக்கலுக்கு உட்படாதவை என்பதால், பல்கலைக்கழக ஆலோசனை மையங்கள், பல்கலைக்கழக மருத்துவமனைகள் இருக்கிற ஊரில் படிப்பது ஓரளவு உதவும். துறையிடம் நேரடியாகவே கேளுங்கள்: கடந்த சில ஆண்டுகளில் வந்த வெளிநாட்டு மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பதில் மழுப்பலாக வந்தால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

படிக்கும்போது செய்யும் பிராக்டிகம், இன்டர்ன்ஷிப்புக்கு சிபிடி அனுமதி வாங்க வேண்டியிருக்கும். முழுநேர சிபிடி 12 மாதம் ஆகிவிட்டால் ஓபிடி பறிபோகும். பகுதிநேரம் என்றால் பாதகமில்லை.

செலவைக் குறைக்க வழி உண்டா?

முதுகலைக்கு முழு உதவித்தொகை அரிது. பட்டதாரி உதவியாளர் பணி கிடைத்தால் கட்டணத்தில் ஒரு பகுதி குறையும்; விடுதி நிர்வாகம், மாணவர் நலத்துறை போன்ற இடங்களிலும் அந்தப் பணிகள் உண்டு, கவுன்சலிங் துறைக்குள் மட்டும் தேடாதீர்கள். மாநிலப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக மலிவு. குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களும் ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும்: 2025இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற மத்திய அரசின் மேற்படிப்புக் கடன் இல்லை, பொதுவான மேற்படிப்புகளுக்கு மத்தியக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம் டாலர் என்ற வரம்பு. பெயர்பெற்ற தனியார் கல்லூரியை மனதில் வைத்திருப்பவர்கள் மிச்சப் பணத்துக்கு வழி தெரிந்தபின் விண்ணப்பிப்பது நல்லது.

எப்போது விண்ணப்பிப்பது? எத்தனை இடங்களுக்கு?

பிஎச்.டி. கெடு பெரும்பாலும் டிசம்பர் முதல் வாரத்தை ஒட்டி. முதுகலைக்கு டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை; சில இடங்கள் இடம் நிரம்பும்வரை வாங்கிக்கொண்டே இருக்கும். முதுகலைக்கு ஐந்தாறு இடம் போதும். கட்டணமும் எஸ்ஓபி எழுதும் உழைப்பும் அதற்குமேல் தாங்காது.

இரண்டு இடத்தில் கிடைத்துவிட்டது. எதை எடுப்பது?

துறை நடத்தும் அறிமுகக் கூட்டத்தில் கிடைக்காத விவரம் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கிடைக்கும். இருவர் மூவரிடம் தனித்தனியாகப் பேசக் கேளுங்கள். இன்டர்ன்ஷிப் இடம் எப்படிக் கிடைத்தது, மேற்பார்வையாளர் வாரந்தோறும் உண்மையிலேயே நேரம் ஒதுக்குகிறாரா, சென்ற ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வேலை பார்த்துக்கொண்டே 600 மணி நேரத்தை எப்படி முடிக்கிறார்கள் என்று கேளுங்கள். சம்பளம் தரும் இன்டர்ன்ஷிப் அந்த ஊரில் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் கிடையாது.

நிதியுதவியோடு வந்த அழைப்பு என்றால், ஏப்ரல் 15 தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லும்படி உங்களை வற்புறுத்தக்கூடாது. நிதியில்லாத முதுகலை அழைப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டு வாரத்தில் முன்பணம் கட்டச் சொல்பவர்களும் உண்டு. இன்னொரு இடத்தின் முடிவுக்குக் காத்திருக்கிறேன், கூடுதலாகப் பத்து நாள் கிடைக்குமா என்று மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.